ஏகாம்பரம் வழியாகப் போகும் மெயில்

எங்கள் அலுவலகத்தின் ப்ராக்ஸி சர்வர் பெயர் ஏகாம்பரம். நடைபாதைக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து வெளியே போகும் எதுவும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

என் மனைவி பொற்கொடி விருத்தாசலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். விருந்துக்கு வந்தவர்கள் எதிரில் நான் அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கிளம்பிவிட்டாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போன் செய்வது? தினமும் அவளுக்குத் தானாகவே மெயில் அனுப்ப கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பார்க்க என்னைப் போலவே இருக்கும். என் பழைய நீலச் சட்டையை அதற்குக் கொடுத்திருந்தேன்.

மெயிலில் "சாப்பிட்டாயா?" என்று மட்டும் இருக்கும். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஏகாம்பரம் ஸ்கிரிப்டை மறித்துவிட்டார்.

"நான் வெப்புக்கு மட்டுந்தான் சார். மெயிலெல்லாம் விடறதில்ல."

ஸ்கிரிப்ட் திரும்பி வந்தது. மறுபடி போனது. அது திரும்பி வரும்போதெல்லாம் நடைபாதை ஓர் அறை அளவுக்கு நீண்டது. டீ குடிக்கப் போனவர்கள் சாயங்காலம்தான் வந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே எழுந்து போனேன்.

"வேற வழி ஏதாவது இருக்கா?"

"பாஸ்வேர்டு சொன்னா விடலாம். சத்தமா சொல்லணும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்கு உள்ளேயே எழுதி வைத்திருந்தேன். அப்படி வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். நான் அதன் வாயைப் பொத்துவதற்குள் அது என் குரலில் கத்தியது.

"பொற்கொடிமன்னிச்சிடு."

கணக்குப் பிரிவின் கதவுகள் திறந்தன. சற்குணம் மேடம் அங்கேயே டேபிள் ஃபேன் ஆகிவிட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி எல்லோருக்கும் அதைச் சொன்னார். மேலாளர் வந்து அவரை ஒன்றாம் நம்பரில் வைத்தார்.

மெயில் போயிற்று. தினமும் ஸ்கிரிப்ட் கத்தும், தினமும் மெயில் போகும், "போயிடுச்சு சார்" என்று ஏகாம்பரம் குரல் கொடுப்பார். அந்த நேரத்தில் நான் மேஜைக்கு அடியில் இருப்பேன். பாஸ்வேர்டை மாற்றலாம்தான். பழையதை மூன்று முறை கத்தினால் மாற்றித் தருவார்கள்.

வெள்ளிக்கிழமை பொற்கொடியே வந்தாள். ஏகாம்பரத்தின் நாற்காலிக்கு அந்தப் பக்கம், கையில் பையோடு நின்றாள். இந்தப் பக்கம் நானும் ஸ்கிரிப்டும் நின்றோம்.

"அவர் மெயிலை நீங்கதான் கொண்டு வர்றீங்களா?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"சாப்பிட்டியான்னு கேக்கறதத் தவிர வேற ஒண்ணும் சொல்லலியா?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார்.

"சொன்னாரும்மா. ஆனா அது என்கிட்ட சொன்னது. வெளிய விடக் கூடாது."

அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. சற்குணம் மேடம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டார்.

பொற்கொடி ஏகாம்பரத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க."

ஸ்கிரிப்ட் தலையைக் குனிந்துகொண்டது. சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவளுக்கு மட்டும் நடைபாதை மிகவும் சின்னதாக இருந்தது.

"போயிடுச்சு சார்" என்றார் ஏகாம்பரம்.