ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர்

கொல்கத்தா புழுக்கத்தில் முதுகுக்கு வேர்க்குரு பவுடர் போட்டுவிடச் சொன்னால், என் கணவர் நிபாரணுக்கு உடனே கைவலி வந்துவிடும். அன்று என் முழு டப்பாவையும் பழைய அம்பாசிடரின் எஞ்சின்மேல் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஹாருதான் கேட்டான். ஆயில் எங்க ஒழுகுதுன்னு பவுடர் காட்டிக் குடுத்துடுமாம்."

மெக்கானிக் ஹாரு எஞ்சினை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தான். வண்டியை ஓடவிட்டதும் மேல்மூடியின் விளிம்பில் பவுடர் நனைந்து கறுத்தது. மூடியைக் கழற்றினான். அடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் கார்க் கேஸ்கெட் பிதுங்கிப் பிய்ந்திருந்தது.

"இந்த நட்டை யாரு அண்ணி இப்படி இறுக்கினது?"

"உங்க அண்ணன்தான். ஞாயித்துக்கிழமை தவறாது."

"ஒழுகுதேன்னு இறுக்கினேன்டா," என்றார் இவர்.

"இறுக்கினதாலதான் அண்ணே ஒழுகுது. புதுசு போடறேன். அண்ணி, ஸ்பானரை இவரு கண்ணுலயே காட்டாதீங்க."

ஸ்பானரை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். அதன்பின் காரிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்த ஞாயிறு மீனைக் கழுவ எடுத்துப் போனேன். சமையலறைக் குழாயடியில் நிபாரண் குறடோடு நின்றிருந்தார்.

"லேசா கசிஞ்சுது. இறுக்கிட்டேன்."

மீன் கழுவ நான் குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.