பித்தளைப் பட்டை

சுபேதார் பெரியமுத்து முகச்சவரத்தை முடிப்பதற்குள் அந்தப் பெண் கூடாரத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். சேலை முழங்கால் வரைக்கும் செம்மண். நடந்து வந்த வழியெல்லாம் அட்டை கடித்து, கணுக்காலில் ரத்தம் கோடு கோடாக வழிந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் தடுத்திருக்கிறான்; அவன் தொப்பி கீழே கிடந்தது.

"நீதான் கம்பி இழுக்க வந்த சுபேதாரா?"

"ஆமாங். நீங்க யாருங்?"

"வேலுத்தாயி. கீழ் டிவிசன். போன் பெட்டியிலருந்து ஒரு பித்தளப் பட்டயப் புடுங்குனியாமுல்ல, அதக் குடு."

அரை முகத்தில் சோப்பு நுரையோடு அவர் அவளைப் பார்த்தார். தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிசனில் முந்தாநாள் ஒரு கிழவி செத்துப்போனதாகச் சமையல்காரன் சொல்லியிருந்தான். ராமுத்தாய் என்று பெயர்.

"எங்காத்தா," என்றாள் வேலுத்தாய். "மண்ணப் போட்டு மூடுன பெறகு, மறுநா லாரிக்காரன் சொல்லித் தெரியுது எனக்கு. பெத்த மக நான் கீழ கொழுந்து கிள்ளிக்கிட்டிருக்கேன்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. தன் வேலையைத்தான் அவர் செய்திருந்தார். குமுளி மலைக்கு மேலே பட்டாளத்துக்குப் புது டெலிபோன் லைன். போன சண்டையில் பழைய லைன் பாதி நாள் ஊமையாகக் கிடந்ததால், புதுசாகப் போடும் பொறுப்பு அவர் தலையில். பள்ளத்தாக்கைத் தாண்ட எஸ்டேட் கம்பம் ஒன்றுதான் இருந்தது. சொந்தக் கம்பம் நடும்வரை, டிவிசன் போன்களை இணைக்கும் எஸ்டேட் போன் பலகை வழியாகவே போகட்டும் என்றார் மேஜர். வேண்டாமென்று இவர் சொன்னார். யார் கேட்டார்கள்? ஒரு வாரத்தில் குமுளி டீக்கடைக்காரன் இவரிடமே கேட்டான்: "நாளைக்கு உங்க லாரி பன்னெண்டு மேல வருதாமே, பால் கூட வாங்கி வைக்கட்டா?" அன்றைக்கு அவர் சோற்றைக்கூட முடிக்காமல் எஸ்டேட் ஆபீசுக்குப் போனார். பலகையை அக்குவேறாகப் பிரித்தார். அடியில் நீளமாக ஒரு பித்தளைப் பட்டை. அதை அழுத்தினால் எல்லா லைனும் ஒன்றாகிவிடும்; எந்த டிவிசனில் எவன் எடுத்தாலும் எல்லாம் கேட்கும். திருகாணியைக் கழற்றி, பட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேஜர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

போன் பார்க்கும் அன்னமேரி அப்போதே சொன்னாள்: "சார், அது சாவுக்கு உள்ளது." அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தொழிலாளர் லயத்தில் யாராவது செத்தால் பட்டையை அழுத்தி, மணியை விடாமல் நீளமாக அடிப்பாள். சும்மா மணி அடித்தால் கணக்கப்பிள்ளை மட்டும்தான் எடுப்பார். நீள மணி என்றால், ஆள் பேர் பதியும் மஸ்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் எடுக்கலாம். எடுத்தவர் மலைச்சரிவைப் பார்த்துக் கூவ வேண்டும். பட்டை இல்லாததால் முந்தாநாள் அன்னமேரியால் கீழ் டிவிசனுக்குச் சும்மா மணிதான் அடிக்க முடிந்தது. கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கப் போயிருந்தார். மணியைக் கேட்டவர்கள், ஆபீஸ் சேதி என்று எடுக்காமல் விட்டார்கள். மழை வேறு. பிணத்தை வைத்திருக்க முடியவில்லை.

"நான் என்ன பண்ணோணுங்கிறீங்க? இது ராணுவ ரகசியமுங்."

"ஒங்க ரகசியத்த நாங்க கேட்டமா? எங்க கம்பத்துலதான நீ வந்து தொத்திக்கிட்ட?"

சொந்த ஊர் கோவிந்தாபுரத்தில் அப்பன் செத்தபோது பெரியமுத்து லடாக்கில் இருந்தார். தந்தி கைக்கு வந்தபோது கருமாதியே முடிந்துவிட்டது. அங்கேயும் லைன் அவர் போட்டதுதான். அவசரச் சேதிகள் எல்லாம் போனபின் மிச்சமிருந்த நேரத்தில்தான் அவர் அப்பனின் சாவுச் சேதி வந்தது. அன்றைக்கு யாரைத் திட்டுவதென்று தெரியாமல் தந்தியை மடித்து வைத்துக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துவிட்டு மேஜரைப் போனில் பிடித்தார். லைனை இரண்டு வாரம் நிறுத்தி, சொந்தக் கம்பம் நட அனுமதி வேண்டும் என்றார். பிரிகேடியர் பீருமேட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார், மதியம் அவர் இந்த லைனில்தான் பேசிப் பார்க்கப் போகிறார், கூலிக்காரக் கிழவி செத்ததற்கெல்லாம் பட்டாளம் லைனை நிறுத்துமா என்று மேஜர் இந்தியில் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பெரியமுத்துவுக்குத் தெரியும். அன்னமேரியிடம் அவர் சிரித்ததும் அதேதான்.

எஸ்டேட் ஆபீசுக்கு வேலுத்தாய் முன்னால் நடந்தாள்; சட்டைப்பையில் பட்டையோடு பெரியமுத்து பின்னால் போனார். அன்னமேரி நாற்காலியை விட்டு எழவில்லை.

"வாங்க சார். இன்னும் என்ன இருக்கு கழட்ட? நாற்காலி இருக்கு, நான் இருக்கேன்."

"சும்மா இரு புள்ள," என்று சீறினார். பட்டையை வைத்துத் திருகாணியை முறுக்கினார். அவசரத்தில் ஒன்று தவறி விழுந்தது. வேலுத்தாய் குனிந்து எடுத்துக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பட்டை உட்கார்ந்தது. பட்டாளத்து லைன் இதில் இருக்கும்வரை, பட்டையை அழுத்தும்போதெல்லாம் மலை முழுக்க அதைக் கேட்கும். இடுக்கியை எடுத்து, பலகைக்கு வந்த பட்டாளத்துக் கம்பிகள் இரண்டையும் வெட்டி, முனைத் துண்டுகளை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார்!" அன்னமேரி எழுந்துவிட்டாள். "ஒங்க அதிகாரி வாராகளே இன்னைக்கி?"

"வரட்டும். மணிய அடி."

"இப்ப அடிச்சு என்னத்துக்கு?" என்றாள் வேலுத்தாய். "எந்திரிச்சு வந்துருவாளா?"

அன்னமேரி பட்டையை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றினாள். நீளமாக, விடாமல். ஒவ்வொரு டிவிசனாக எடுக்கும் சத்தம் கேட்டது. "மேல் டிவிசன் ராமுத்தாயி தவறிட்டாக. அடக்கம்..." என்று தொடங்கியவள் நின்றுபோனாள். வேலுத்தாய் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அடக்கம் முடிஞ்சுபோச்சு. மகளுக்குச் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னாள். போனை வைக்காமல் பிடித்தபடியே நின்றாள்.

பெரியமுத்து வெளியே வந்தார். எதிர்ச்சரிவில் யாரோ கூவினார்கள். அடுத்த சரிவில் அதை வாங்கிக் கூவினார்கள். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் வரிசை வரிசையாகக் கூடையை இறக்கி வைத்து, தலையில் போட்டிருந்த சாக்கை உருவிக் கையில் பிடித்தார்கள். மலை முழுக்க வேலை நின்றது. கீழே, வளைவு ரோட்டில், பிரிகேடியரின் கொடி கட்டிய ஜீப் முக்கி முனகி ஏறி வந்தது. வெட்டிய செம்புக் கம்பிகளின் முனை அவர் உள்ளங்கையில் குத்தியது. அவர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.