ஜஸீமா நகர்த்திய ஐந்து வோல்ட்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சங்கரன்கோவிலில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் ஒரு பெண் நாற்பது பின் சாக்கெட் கேட்டாள். கடைக்காரர் அது வராது, டிவி ரிமோட் வேண்டுமானால் தருகிறேன் என்றார். வீட்டில் பழைய காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் அசல் சரக்கு. மிச்சமெல்லாம் என் கலப்படம்.

"மேற்கே மலையில் மேகம் கவிந்திருந்த ஒரு மாலை, ஜஸீமா..."

வேண்டாம். மேகத்தை வைத்து யாரிடமும் எதையும் விற்க முடியாது.

2

ஜஸீமாவின் கணவர் நியாஸ் அகமது சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். கம்ப்யூட்டர் இருவருக்கும் பொது. மதர்போர்டு இவளிடம், அதில் செருகும் கார்டுகளைச் செய்வது அவர். இரண்டையும் சேர்ப்பது பஸ். (ராஜபாளையம் போகிற பஸ் அல்ல, நாற்பது கம்பிகளின் வரிசை. எந்தப் பின்னில் எது வரும் என்று இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம்.)

வரிசையை வரைந்தவர் நியாஸ். ஐந்து வோல்ட்டையும், கரண்ட் திரும்பிப் போகிற கிரவுண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தார். கார்டை ஒரு பின் தள்ளிச் செருகினால் ஷார்ட். ஜஸீமா போனில் சொன்னாள். நேராகச் செருகு, போதும் என்று சிரித்தார். மறுபடி சொன்னாள். மறுபடி சிரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அவள் ஐந்து வோல்ட்டை நடுவுக்கு நகர்த்தி, இருபுறமும் ஒரு பின்னைக் காலியாக விட்டு, போர்டைச் செய்யக் கொடுத்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை.

* இங்கே அவள்மேல் எனக்குச் சந்தேகம். பயந்தாள் என்று ஒரு பத்தி எழுதி அடித்தேன். பயமெல்லாம் இல்லை. அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க மனமில்லை.

3

ஊருக்கு வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம், பால் பவுடர் டப்பாவுக்குள் துண்டு சுற்றி, நியாஸ் தன் ஒலிக் கார்டைக் கொடுத்தனுப்பினார். அதிலுள்ள சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. ஸ்கிராப் கடை கடையாக ஏறிப் பிடித்தது. கார்டு பழைய வரிசைப்படி கட்டப்பட்டது. இவள் போர்டில் செருகினால் சிப் பொசுங்கும்.

இனி முடிவுக்கான பேரம். செருகிவிடுகிறாள், புகை வருகிறது என்று முடிக்கலாம். (மலிவு.) அல்லது, கம்பிகளை இடம் மாற்றிக் கொடுக்கும் குட்டிப் போர்டு ஒன்றைச் சொல்லாமல் நடுவில் வைத்துவிடலாம். கார்டு பாடும், நியாஸ் மகிழ்வார், வீட்டில் அமைதி. வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இரு தரப்பும் சிரித்துக்கொண்டே போகிற முடிவுதான் எனக்குப் பிடிக்கும். குட்டிப் போர்டை அவள் மேஜையில் வைத்தும்விட்டேன்.

4

வீடியோ காலில் நியாஸ். வெள்ளிக்கிழமை, லீவு. கார்டு பாடுவதைக் கேட்க அறைத் தோழர்களையும் கூட்டி வைத்திருக்கிறார்.

"என்ன புள்ள, சொருவிட்டியா?"

நான் குட்டிப் போர்டை அவள் கைப்பக்கம் தள்ளினேன். அவள் அதைத் தொடவில்லை.

"மச்சான், இது இந்த மெஷின்ல சேராது."

"ஏன், என்ன செஞ்ச?"

"பஸ்ஸை மாத்திட்டேன். ரெண்டு தடவ சொன்னேம்லா, சிரிச்சீங்க. கார்டைத் திருப்பி அனுப்புதேன். நீங்கதான் மாத்தணும்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நியாஸ்...

நியாஸ் பாதியில் நிற்கிறார். வாசகரே, அவருக்காகப் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் போனை வைத்துவிட்டார். ஒன்றில் சிரித்தார். ஒன்றில், "எந்தப் பின்னுல வச்சிருக்க?" என்று கேட்டார். அதைத்தான் ஜஸீமாவுக்குக் கொடுக்க ஆசை. ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் அது என் தயவு. அவள் காத்திருப்பது அதற்கில்லை.

போனைக் கீழே வைக்காமல் பிடித்திருக்கிறாள். நீங்கள்தான் நியாஸ். பேசுங்கள்.