சமம், மிஸ்!

கொத்தனாரை அவர் மனைவி வாசலில் நிறுத்தி வைத்து மூன்று முறை எச்சரித்து அனுப்பினாள். "போனமா, உக்காந்தமா, கைதட்டினமா, வந்தமான்னு இருக்கணும். அங்க வாயத் தொறந்தீங்க, அவ்வளவுதான்."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மகள் படிக்கும் பள்ளியில் போன வாரம் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்க பொண்ணு குழுவோட ஒத்துப்போக மாட்டேங்கறா. இப்படியே இருந்தா ஆறாவதுக்கு இங்க இடம் தர்றது கஷ்டம்" என்று தலைமையாசிரியை சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். ஒத்துப்போகாமல் என்ன செய்தாள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

இந்த இடம் போனால் பழைய பள்ளிதான் கதி. பாடத்தின் நடுவே "ஏன் சார்?" என்று கேட்ட குற்றத்துக்காகப் பிள்ளையை முட்டி போட வைத்த பள்ளி. தோல் உரிந்த அந்த முட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கொத்தனார் நாயாய் அலைந்து இங்கே இடம் பிடித்தார். இங்கே பிரம்பு கிடையாது, மனப்பாடம் கிடையாது. 'செய்து பார், தெரிந்துகொள்' என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். முதல் நாள் அதைப் படித்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. நம்மைப் பற்றியே எழுதிவிட்டார்களே என்று பூரித்துப் போனார் மனிதர்.

இன்று திறந்த வகுப்பு. சுவரோரம் பெற்றோர்கள், முன்வரிசையில் மதிப்பெண் தாளும் கையுமாக பள்ளியை மதிப்பிட வெளியிலிருந்து வந்த நான்கு பார்வையாளர்கள். நடுமேசையில் ஒரு அகலமான கண்ணாடிப் பாத்திரம், கொஞ்சம் தள்ளி ஒரு ஒல்லியான ஜாடி. இரண்டின் அடியையும் இணைத்து ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாயில் ஒரு கிளிப். அகலப் பாத்திரத்தில் சிவப்புச் சாயத் தண்ணீர். குழாய் நீளம் அதிகம் என்பதால் நடுவில் ஒரு மரக்கட்டை மேல் ஏற்றி இறக்கியிருந்தார்கள்.

"நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன். நீங்களேதான் கண்டுபிடிக்கணும்" என்றார் மிஸ். "கிளிப்ப எடுத்தா எந்தப் பக்கம் தண்ணி உயரமா நிக்கும்?"

முதலில் எழுந்தது மகளின் கைதான். கொத்தனார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அகலமான பாத்திரத்துல மிஸ். அதுதான பெருசு?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு கட்டும் இடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் பார்க்க அவர் பிடிப்பது தண்ணீர் நிரப்பிய குழாயைத்தான். லீவு நாட்களில் மறுமுனையைப் பிடிப்பவள் இவள். குழாய் வளைந்தாலும் நெளிந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, பிடித்துப் பிடித்துத் தெரிந்துகொண்டாள். அதற்கும் மேலே ஒன்று. ஒரு நாள் அவர் தப்பான உயரத்தில் கோடு போடப் போனபோது, "அப்பா, குழாய்ல காத்துக் குமிழி நிக்குது பாருங்க" என்று தடுத்தவளே இவள்தான். இல்லாவிட்டால் ஒரு சுவரையே இடிக்க வேண்டியிருந்திருக்கும். அப்பேர்ப்பட்டவள் இப்போது வாய் கூசாமல் பிதற்றுகிறாள்!

பக்கத்தில் இருந்த அம்மாள் குனிந்து கிசுகிசுத்தார். "முதல் வசனம் உங்க பொண்ணா? நல்லா சொல்லிட்டா. எம் பையனுது நாலாவது."

"வசனமா?"

"பதினஞ்சு நாளா ஒத்திகை நடக்குதே, தெரியாதா? இதுல உங்க பொண்ணு முதல் நாளே சரியா சொல்லிட்டாளாம். மத்தவங்களுக்குக் கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்லாமப் போச்சு, பாவம் மிஸ். அதான் இவளுக்குத் தப்பு விடையக் குடுத்துட்டாங்க."

கொத்தனாருக்கு இப்போதுதான் உறைத்தது. ஒத்துப்போகவில்லை என்றது இதைத்தானா! பழைய பள்ளியில் பதிலை மட்டும்தான் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இங்கே ஆச்சரியப்படுவதையும் சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அங்கே தெரியாததற்கு முட்டி போட வைத்தார்கள் என்றாலாவது ஒரு கணக்கு. அங்கே கேட்டதற்கு முட்டி, இங்கே தெரிந்ததற்குத் தண்டனை. எங்கேதான் போய் முட்டிக்கொள்வது? மனைவியின் முகம் கண்முன் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிஸ் கிளிப்பை எடுத்தார். சிவப்புத் தண்ணீர் குழாய்க்குள் ஓடி, கட்டை மேல் ஏறி, ஜாடிக்குள் உயர்ந்து, நின்றது. அகலப் பாத்திரத்தை விட ஜாடியில் இரண்டு விரல்கடை குறைவாக நின்றது. கட்டை மேட்டில் பெருவிரல் நீளத்துக்குக் காற்றுக் குமிழி சொகுசாகக் குந்தியிருந்தது.

"சமம், மிஸ்!" என்று முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். மிஸ்ஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பார்வையாளர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல வேற மாதிரி நெனச்சியே, இப்ப உனக்கு என்ன புரியுது?" என்று மிஸ் மகளைக் கேட்டார்.

மகள் பாத்திரத்தைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். "ரெண்டும் சமம், மிஸ். நான் நெனச்சது தப்பு."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"எங்க சமம்?" கொத்தனார் எழுந்துவிட்டார். "கண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கெல்லாம்? ரெண்டு வெரக்கட எறங்கி நிக்குது, சமமாம் சமம்!"

"சார், ப்ளீஸ், பிள்ளைங்க கத்துக்கிட்டிருக்காங்க..."

"என்னத்தக் கத்துக்கிறாங்க? எதிர்ல இருக்கறதப் பாக்காம இருக்கவா?" விடுவிடுவென்று போய் மரக்கட்டையை உருவினார். காய்ப்பேறிய விரலால் குழாயை இரண்டு சுண்டு சுண்டினார். குமிழி நழுவி, ஜாடி வழியாக மேலே வந்து பொட்டென்று உடைந்தது. தண்ணீர் மெல்ல ஏறி மட்டத்துக்கு வந்தது. "இதுதான் சமம்" என்றார்.

வெளியே போகச் சொல்வார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பேனாவை உயர்த்தினார். "பிரமாதம்! பெற்றோரையும் வகுப்புக்குள்ள கொண்டு வந்திருக்கீங்களே!"

"ஆமா சார்" என்றார் தலைமையாசிரியை, கண் இமைக்காமல். "அதுவும் எங்க முறையில ஒரு பகுதி."

மறுபடி கைதட்டல். கொத்தனாரின் தோளைப் பிடித்துத் திருப்பி, ஜாடியோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டினார்.

"குமிழி இருந்துச்சே, பாத்தியா பாப்பா?"

"ம். கிளிப்ப எடுத்தவுடனே பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மகள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "குமிழி யாருக்கும் குடுக்கலப்பா. எனக்குக் குடுத்தது தப்பு விடை மட்டும்தான்."

மிஸ்ஸுக்கு, தலைமையாசிரியைக்கு, அந்தப் பேனாக்காரருக்கு என்று வழியெல்லாம் அவர் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு ஆகாது. வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை.

"அப்பா."

"என்ன?"

"அடுத்த வாட்டி அம்மா வரட்டும். நீங்க வந்தா நடுவுல பேசிடறீங்க."

அவர் மறுபடி உதைத்தார். வண்டி கிளம்பிய பிறகும் இன்னொரு உதை உதைத்தார்.