ஒரே பொன்னாடை

1993 மார்ச், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. எட்மண்டன் தமிழ்ப் பள்ளியின் சமையலறையில் தேநீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு மெற்றில்டா நாலாம் வகுப்புக்குப் போனாள். இரண்டு மாதமாக அந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. மன்னாரில் பதினொரு வருடம் படிப்பித்தவள் அவள். படகில் தப்பி வந்தபோது சான்றிதழ்கள் கடலோடு போய்விட்டன. சான்றிதழ் இல்லாமல் வகுப்புத் தர ஏலாது என்று தலைவர் சபாரத்தினம் இருமுறை சொல்லிவிட்டார். பிள்ளைகள் சத்தம் போட்டால் மட்டும் கூப்பிடுவார்.

அன்றைய விருந்தாளி டோரீன், அமெரிக்காவின் தென் டகோட்டாவைச் சேர்ந்தவர். லகோட்டாப் பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் கல்லூரிக்குத் தலைவி. கதவடியில் நின்று, மெற்றில்டா வாசிப்புச் சொல்லிக் கொடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மண்டபத்தில் டோரீன் பேச, சபாரத்தினம் தமிழில் சொன்னார். தன் கல்லூரியில் லகோட்டா மொழி படிப்பிப்பவர் ஒரு பஸ் ஓட்டுநர் என்றார் டோரீன். பட்டம் இல்லை. அவரை நீக்கினால்தான் கல்லூரிக்கு அங்கீகாரம் என்றார்களாம், அதைக் கொடுக்கிறவர்கள். மூன்று வருடம் இழுபட்டு, அவரை வைத்துக்கொண்டே வாங்கினாராம்.

"நல்ல ஆசிரியர்மாரை வைச்சுக் கல்லூரியை முன்னுக்குக் கொண்டு வந்தவ" என்று மட்டும் தமிழில் சொன்னார் சபாரத்தினம். எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற மெற்றில்டாவுக்கு இங்கிலீஷ் விளங்கும்.

பிறகு டோரீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பள்ளியிடம் இருந்தது ஒன்றுதான். ஐந்து வருடமாக வந்தவர்கள் எல்லோரும் அதைக் கதிரையில் மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். செயலாளர் கலாவதி எடுத்துப் பூட்டிவைப்பாள். டோரீன் மடிக்கவில்லை. நேரே வந்து மெற்றில்டாவின் தோளில் போர்த்தினார். எங்கள் ஊரில் மரியாதை கிடைத்தவர் அதைத் தன்னிடமே வைத்திருப்பதில்லை, இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார், இது இந்த ஆசிரியருக்கு என்றார்.

"போச்சு" என்றாள் கலாவதி. "வாற கிழமை கவுன்சிலர் வரேக்க என்னத்தைப் போடுறது? என்ர சீலையையோ?"

டோரீனை ரயிலேற்றிவிட்டு வந்த சபாரத்தினம் நேரே சமையலறைக்குள் வந்தார். பொன்னாடை நனையாமல் இழுத்துச் செருகிக்கொண்டு மெற்றில்டா கோப்பை கழுவினாள்.

"பிள்ளை, அந்த மனுசிக்கு எங்கட முறை தெரியாது. கழட்டித் தாரும்."

"பஸ் ஓடுற மனுசன்ர கதையைத் தமிழில சொல்லாமல் ஏன் அண்ணை விட்டனீங்கள்?"

"நேரம் காணாது. அது பள்ளிக்கூடத்துச் சாமான், தாரும்."

மெற்றில்டா கையைத் துடைத்தாள். பொன்னாடையை எடுத்து நாலாக மடித்தாள். நீட்டவில்லை.

"தாறன். நாலாம் வகுப்பை எப்ப தருவியள்?"