பாட்டுக்கு முன்னால் வரும் கேள்வி

1

இந்தக் கதை சூப்பர் மார்க்கெட்டில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு வெர்னா ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூரை ஒலிபெருக்கியில், ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகச் சேர்த்த இளவட்டப் பாட்டுக் குழுவின் அந்தப் பாட்டு. பதினாறு வயதுக் காதல். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த வருடம் அதனிடமிருந்து யாரும் தப்பவில்லை. பாட்டு தொடங்குமுன் ஒரு பெண் கேட்பாள்: "சாப்பிட வீட்டுக்கு வர்றியா?"

வெர்னாவின் கை நின்றுவிட்டது. "அது நாந்தான்" என்றாள்.

2

காதலுக்கு வயது என்று எதுவும்... (சீ, வேண்டாம். வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். திரையில் வாயசைக்கும் பிள்ளைகள்* பாடுவதில்லை. பாடுவது வெர்னா மாதிரி நாற்பதைத் தாண்டிய, இசைத்தட்டு உறையில் பெயர் வராத ஆட்கள். பாட்டைப் பதிவு செய்த அன்று, பாடி முடிந்ததும், டேப் நின்றுவிட்டது என்று நினைத்து, கண்ணாடி அறைக்குள்ளிருந்தே பேஸ் கிதார் வாசிக்கும் ஆரினிடம் அதைக் கேட்டுவிட்டாள். மாதக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி. அவனோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுத்த ஒலிப்பதிவுக்கு ஓடிக்கொண்டிருந்தான். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

தயாரிப்பாளருக்குப் பிடித்துப்போயிற்று. "நல்லாருக்கே. பாட்டுக்கு முன்னால ஒட்டிடுங்க."

* அதில் ஒருவனுக்கு நிஜமாகவே டிரம் வாசிக்க வரும். அவன் கையில் கிதாரைக் கொடுத்திருந்தார்கள்.

3

பாட்டு வெளிவந்த பிறகு ஒருநாள் ஆரின் சொன்னான்:

"ரேடியோவுல கேட்டேன் வெர்னா. அசத்திட்டே. யாரு எழுதிக் குடுத்த வசனம்?"

"அவங்கதான். வேற யாரு?"

"நெசமாவே கூப்பிடற மாதிரி இருந்துச்சு."

"அதுக்குத்தானே காசு குடுக்கறாங்க."

இந்த இடத்தில் எனக்கு வெர்னா மேல் கோபம் கோபமாக வருகிறது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாளே. 'நான் வர்றேன்' என்று ஊர் ஊராகப் பையன்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள். ஆரின் போடவில்லை.

4

முடிவு ஒன்று: ஆரின் பூங்கொத்தோடு வந்து அழைப்புமணியை அடிக்கிறான்.

வெர்னாவிடம் படித்துக் காட்டினேன்.

"பூவா? அவன் பூ வாங்கற ஆளாப்பா? அவன் கையில ஒரு பீர் பாட்டிலக் குடு."

கொடுத்தேன்.

"வேணாம், அதையும் அடிச்சுடு. கதையில வந்துட்டான்னா நெசத்துல வரமாட்டான்."

முடிவு இரண்டு: வெர்னா தொலைபேசியை எடுத்து அவன் எண்ணை...

(இதை முடிக்க அவள் விடவில்லை.)

5

அந்தக் கேள்விக்கும் டிரம் விழுவதற்கும் நடுவே ஒரு மூச்சளவு இடைவெளி உண்டு. ஒவ்வொரு தடவையும் வெர்னா அங்கே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். தன் குரலுக்குத் தானே பதில் எதிர்பார்ப்பவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் என்ன எழுதினாலும் அந்த இடைவெளிக்குள் போய்ச் சேராது.

உங்களில் யாருக்காவது ஆரினைத் தெரியுமென்றால், அது வசனம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். வெர்னா சாயங்காலம் வீட்டில்தான் இருப்பாள்.