வயருக்கு வாடகை

எங்கள் இன்டர்நெட் கம்பெனியில் மொத்தமே மூன்று பேர். அக்கா முதலாளி. போனில் திட்டு வாங்குவது நான். கம்பம் ஏறுவது ஒட்டடை. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

தெருக்கம்பத்தில் வயர் கட்ட நகராட்சிக்கு வாடகை உண்டு. இதுவரை கம்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். இப்போது வயருக்கு இவ்வளவு என்று விதியை மாற்றிவிட்டார்கள். ஓடுகிற வயரோ செத்த வயரோ, தொங்கினால் காசு. பெரிய கம்பெனியின் வயர் மண்ணுக்கடியில் போகிறது, அவனுக்கென்ன. எங்களுக்குத்தான் வயருக்கு வயர் செலவு. சின்ன ஆபரேட்டர்கள் எல்லோரும் பழைய வயர்களை இறக்க ஆரம்பித்தோம்.

சனிக்கிழமை காலை டீ வாய்க்குப் போகுமுன் போன் அலறியது. பள்ளிக்கூடத் தெரு முழுக்க நெட் இல்லை. ஒட்டடை போய்ப் பார்த்துவிட்டு, வயர் அறுந்துபோகவில்லை, வயரே இல்லை என்றான். இறக்கியது பீரங்கி என்று அந்தத் தெருக்காரர்கள் சொன்னார்களாம். பீரங்கி எங்களுக்குப் போட்டி ஆபரேட்டர். ரகசியம் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

மூவரும் போனோம். அவர் கடைவாசலில் எங்கள் வயர் துண்டு துண்டாகக் கிடந்தது.

"என் வயரை எதுக்குண்ணே வெட்டுனீங்க?" என்றாள் அக்கா.

"உன் வயரா? முடிச்சைப் பாரும்மா. ரெட்டைச் சுத்து, கீழ வாலு. இது என் கட்டு. என் பழைய வயர்னுதான் இறக்குனேன்."

இந்தத் தொழிலில் வயரில் யாரும் பேர் எழுதுவதில்லை. எல்லாமே கறுப்பு. கம்பத்தில் கட்டிய முடிச்சைப் பார்த்துத்தான் யாருடையது என்று தெரியும். அக்கா மெதுவாக ஒட்டடை பக்கம் திரும்பினாள். போன வருஷம்வரை அவன் பீரங்கியிடம் வேலை பார்த்தவன்.

"கை அதுபாட்டுக்குப் போட்டுடுதுக்கா," என்றான் தரையைப் பார்த்தபடி.

பீரங்கியின் முகம் சுண்டிப்போனது. புது வயர் இழுக்க அனுமதி கேட்டால் நகராட்சியில் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். பெரிய கம்பெனியோ மூன்று மாதம் இலவசம் என்று பள்ளிக்கூடத் தெருவில் வீடு வீடாக நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அங்கேதான். அவர்கள் போனால் அக்கா கடையைச் சாத்த வேண்டியதுதான்.

பீரங்கி குரலைத் தாழ்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன். அந்தத் தெருவில் அவருடைய ஃபைபர் வயர் ஓடுகிறதாம், உள்ளே தனித்தனியாக நெட் ஓடக்கூடிய இழைகளில் சில சும்மா கிடக்கின்றனவாம், அக்கா எடுத்துக்கொள்ளலாமாம். வாடகை வயருக்குத்தானே, உள்ளிருக்கும் இழைக்கு இல்லையே என்றார்.

"நாளைக்கு நமக்குள்ள சண்டை வந்தா? பிடுங்கி விட்டுடுவீங்க."

"உன்னைப் பிடுங்கிட்டா அந்தத் தெருவுல நானும் அந்தப் பெரிய கம்பெனிக்காரனும்தான். என்னை எத்தனை நாளைக்கு விட்டுவைப்பான்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சரி," என்றாள் கடைசியில். "அப்ப சந்தைத் தெருவுல உங்க வயரை இறக்குங்க. அங்க நீங்க என் வயர்ல ஓடுங்க. நீங்க பிடுங்குனா நானும் பிடுங்குவேன்."

பீரங்கி தாடையைச் சொறிந்தார். கடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒட்டடையிடம், ஏணியைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார்.